மேகமும் நிலமும்: வாசகர் கேள்வி பதில்

மேகங்களையும் மழைக்கால வானத்தையும் படமெடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எந்த கேமரா, எந்த லென்ஸ், எந்த அளவு என்றே கேட்கின்றன. அவற்றுக்கும் விடை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு மேகம் ஏன் அந்த ஊரில், அந்த மாதத்தில், அந்த நேரத்தில் வந்து நிற்கிறது என்று அறிந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பதில்களில் காற்றைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலைத்தொடர் முழுவதும் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் முகட்டின் மேல் மேகம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். செல்போனில் எடுத்தால் அந்த அடுக்குகள் எதுவும் வருவதில்லை. வானம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. நல்ல கேமரா வாங்கினால்தான் முடியுமா?
– கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: புதிய கேமரா தேவையில்லை. வெயில் பட்ட மேகத்தின் வெண்மைக்கும் நிழலில் கிடக்கும் தோப்பின் கருமைக்கும் உள்ள பெரும் வேறுபாட்டை நம் கண் நொடிக்கு நொடி தன்னைச் சரிசெய்துகொண்டு சமாளிக்கிறது. கேமராவோ ஒரே ஒளி அளவை, அதாவது ஒரே எக்ஸ்போஷரை, வைத்துக்கொண்டு முழுக் காட்சியையும் பதிய வேண்டியிருக்கிறது. நிலம் கறுத்துவிடக் கூடாது என்று அது ஒளியின் அளவைக் கூட்டும்போது மேகத்தின் அடுக்குகள் எல்லை கடந்து வெளுத்துவிடுகின்றன. அப்படி வெளுத்த இடத்தில் எந்த விவரமும் பதிவாகியிருக்காது என்பதால் பின்னர் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. இருண்ட பகுதியில் நிலைமை வேறு. அங்கே விவரம் ஓரளவு பதிவாகியிருக்கும், பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். ஆகவே அளவை மேகத்துக்கு வையுங்கள், நிலத்தைப் பின்னர் தூக்கிக்கொள்ளுங்கள்.

செல்போன் திரையில் மேகத்தின் மிக வெண்மையான பகுதியைத் தொட்டு, விரலை அங்கேயே சற்று நேரம் வைத்திருந்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு அருகில் தோன்றும் சிறிய சூரியக் குறியைக் கீழே இழுத்து, மேகத்துக்குள் சாம்பல் நிற வேறுபாடுகள் தெரியத் தொடங்கும் வரை குறையுங்கள். திரையில் நிலம் இருட்டாகத் தெரிவதைக் கண்டு பதற வேண்டாம். போனில் ரா கோப்பாக (பதிவானதைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு) சேமிக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தானியங்கி எச்டிஆர், நிலத்தையும் வானத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயன்று, மழைமேகத்துக்கே உரிய கனத்தைப் பல நேரங்களில் போக்கிவிடுகிறது.

இனி உங்கள் மேகத்துக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தின் பக்கமாக மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் முகிலாகிறது. முகட்டைத் தாண்டித் தென்காசிப் பக்கம் இறங்கும்போது காற்று மீண்டும் சூடாகி, மேகம் கரைகிறது. மேகம் அசையாமல் முகட்டிலேயே அமர்ந்திருப்பதாக உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான். உண்மையில் அந்தப் பக்கம் அது இடைவிடாது பிறந்துகொண்டும் இந்தப் பக்கம் இடைவிடாது அழிந்துகொண்டும் இருக்கிறது. போனை ஒரு சுவரின் மேல் அசையாமல் நிறுத்தி, சில நொடிகளுக்கு ஒரு படம் வீதம் அரை மணி நேரம் டைம்லாப்ஸாக எடுத்துப் பாருங்கள்; மேகம் முகட்டைத் தாண்டி வழிந்து இறங்குவது தெளிவாகத் தெரியும்.

காலை வெயில் கிழக்கிலிருந்து நேராக அந்த மேகச் சுவரின் மேல் விழுகிறது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போவதால் மேகத்தின் விளிம்பு மட்டும் ஒளிர்ந்து, உடல் கறுத்துவிடும். அடுக்குகள் வேண்டும் என்றால் காலையில் எடுங்கள். அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில் ஆடியை ஒட்டிச் சூரியகாந்தி பூத்திருக்கும்போது இது இன்னும் பொருந்தும். முற்றிய சூரியகாந்திப் பூ கிழக்கு நோக்கியே நிற்கும் இயல்புடையது. மலையோ மேற்கே இருக்கிறது. வயலின் கிழக்கு வரப்பில் காலையில் நின்றால் பூக்களின் முகமும் அவற்றுக்குப் பின்னால் மலையும் அதன் மேல் மேகமும் ஒரே வெளிச்சத்தில் கிடைக்கும். மாலையில் அங்கே போகிறவர்கள் எதிர்வெயிலோடு போராட வேண்டியிருக்கும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலையில் எழுந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறேன். பல நாட்கள் வானம் ஒரே சாம்பலாக இருக்கிறது, அல்லது மேகமே இல்லாமல் இருக்கிறது. எந்த நாளில் போக வேண்டும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா?
– வங்கி ஊழியர், சென்னை

பதில்: உறுதியாக அறிய முடியாது. ஆனால் வீணாகப் போகும் நாட்களை வெகுவாகக் குறைத்துக்கொள்ள முடியும். கீழ்வானில் சூரியன் எழும் இடத்தில் திறப்பும், உங்கள் தலைக்கு மேலே மேகமும் இருக்க வேண்டும். சிவந்த வானத்துக்குத் தேவையானவை இவ்விரண்டும்தான். வானம் முழுவதும் மூடியிருந்தால் ஒளி உள்ளே வர வழியில்லை. முழுவதும் திறந்திருந்தால் ஒளி பட்டுச் சிவக்க ஒன்றும் இல்லை. காற்றழுத்தத் தாழ்வு கரையை நெருங்கியிருக்கும் நாட்களில் பெரும்பாலும் முதல் நிலைதான். அது விலகிப் போகும் விடியலில், அல்லது இரண்டு மழைச் சுற்றுகளுக்கு இடைப்பட்ட நாளில் போய்ப் பாருங்கள்.

இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படங்களும் சென்னை, காரைக்கால் ரேடார் படங்களும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அகச்சிவப்புப் படம் இரவிலும் மேகத்தைக் காட்டும். அதில் மிக வெண்மையாகத் தெரிபவை மிகக் குளிர்ந்த, அதாவது மிக உயர்ந்த மேகங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் சென்னைக்கு நேர் கிழக்கே வங்கக் கடலின் மேல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கரையோரம் சிதறிய மேகங்களும் அவற்றுக்கு அப்பால் கடலில் திறப்பும் தெரிந்தால் தயங்காமல் கிளம்பலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்ற மூன்று பெயர்களும் லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1802ஆம் ஆண்டு லண்டனில் ஆற்றிய உரையில் வகுத்துக் கூறிய பிரிவுகளிலிருந்து வந்தவை. படமெடுப்பவருக்கு அந்த வகைப்பாட்டோடு மேகத்தின் உயரமும் தெரிந்திருப்பது முக்கியம். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் கீற்று மேகத்துக்குச் சூரியன் நமக்கு உதிப்பதற்குச் சுமார் 13 நிமிடம் முன்பே உதித்துவிடுகிறது. 1 கிலோமீட்டர் உயரத்திலுள்ள திரள் மேகத்துக்கோ 4 நிமிடம் முன்புதான். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால், அதற்கு முன் ஓரளவேனும் வெளிச்சம் பரவியிருக்கும் நேரம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே. உயர்ந்த மேகம் சிவந்து, அந்தச் சிவப்பு படிப்படியாகக் கீழ் மேகத்துக்கு இறங்குவதெல்லாம் அதற்குள் நடந்து முடிகிறது. நாட்காட்டியில் போட்டிருக்கும் சூரிய உதய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அதில் பெரும்பகுதியை இழந்திருப்பீர்கள். அரை மணி முன்னதாகவே முக்காலியை நிறுத்தியிருக்க வேண்டும். மாலையில் இதே கணக்கு தலைகீழாகப் பொருந்தும். சூரியன் மறைந்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள்.

நிறச் சமநிலையைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சக் குறியில் வையுங்கள். தானியங்கி அமைப்பு செந்நிறத்தைக் குறையென்று கருதித் திருத்திவிடுகிறது. அத்துடன், கடலையே பார்த்துக்கொண்டிருக்காமல் அவ்வப்போது மேற்கே திரும்பிப் பாருங்கள். நகரத்தின் மேல் நிற்கும் திரள் மேகத்தின் உச்சியில் முதல் வெளிச்சம் விழும்போது, கீழே கட்டடங்கள் இன்னும் நீல இருளில் இருக்கும். சென்னை விடியலில் நான் மிகவும் மதிக்கும் காட்சி அதுதான். கடற்கரையில் கூடுபவர்களில் பெரும்பாலோர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கேள்வி: உப்பளப் பாத்திகளில் வானம் பிரதிபலிப்பதை எடுக்க விரும்புகிறேன். நீரில் தெரியும் மேகம் மங்கலாகவும், மேலே உள்ள மேகம் வெளுத்தும் வருகின்றன. தொடுவானம் படத்தின் நடுவில் வரக் கூடாது என்கிறார்களே, அதையும் விளக்குங்கள்.
– ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: நீரில் தெரியும் வானம் எப்போதும் மேலுள்ள வானத்தைவிட மங்கலானதுதான். விழும் ஒளியில் ஒரு பகுதியை மட்டுமே நீர் திருப்பி அனுப்புகிறது. பார்வை எவ்வளவு சாய்வாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகத் திருப்பும். செங்குத்தாகக் கீழே பார்த்தால் பாத்தியின் அடிதான் தெரியும். ஆகவே கேமராவை இடுப்பளவுக்கோ முழங்காலளவுக்கோ தாழ்த்துங்கள். அப்போது எதிரொளி பாத்தி முழுவதும் நிறைவதோடு, இரண்டு வானங்களுக்கும் உள்ள வேறுபாடும் குறைந்துவிடும். மீதமிருக்கும் வேறுபாட்டை, மேல் பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் கொண்டோ, அளவு மாற்றி எடுத்த இரண்டு படங்களை இணைத்தோ சரிசெய்யலாம். இணைக்கும்போது நீரில் தெரிவதை மேலுள்ளதைவிடச் சற்று இருட்டாகவே விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே படம் பொய்யாகத் தோன்றும்.

ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிரும் ஒளியைத் தடுக்கும் போலரைசர் ஃபில்டரை இங்கே கவனமாகச் சுழற்ற வேண்டும். ஒரு கோணத்தில் அது எதிரொளியையே துடைத்துவிடும். உப்பு குவித்து வைத்திருக்கும் இடத்தில் கேமரா அந்த வெண்மையைக் கண்டு அளவைக் குறைத்து, உப்பைச் சாம்பலாக்கிவிடும். அங்கே ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துக்கொண்டே அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) எனக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாத்தி நீர் சலனமற்று இருப்பது காலையில், கடற்காற்று எழுவதற்கு முன்னால்தான். தொடுவானம் நடுவில் வரக் கூடாது என்பது பொதுவாக நல்ல அறிவுரை. ஆனால் மேலும் கீழும் சம எடையுள்ள எதிரொளிக் காட்சிக்கு அது பொருந்தாது. இங்கே நடுவிலேயே வையுங்கள். தொடுவானக் கோடு சாயாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்பளம் என்பது பலர் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டிய கடினமான வேலை நடக்கும் இடம். அனுமதி பெற்றே உள்ளே செல்லுங்கள், பாத்தி வரப்புகளை மிதித்துச் சிதைக்காதீர்கள், உழைப்பவர்களின் முகத்தை அவர்களிடம் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கேள்வி: போலரைசர் வாங்கினேன். சில நாட்கள் நீலம் ஆழமாக வந்து மேகம் எழுந்து நிற்கிறது. சில நாட்கள் ஒரு மாற்றமும் இல்லை. வைட் லென்ஸில் வானத்தின் நடுவே மட்டும் கறுப்புத் திட்டு விழுகிறது. ஃபில்டரில் குறையா? கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சிவப்பு ஃபில்டர் இன்னும் தேவைப்படுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஃபில்டரில் குறையில்லை. நீல வானத்தின் ஒளி எல்லாத் திசையிலும் ஒரே அளவு முனைவுற்றிருப்பதில்லை, அதாவது ஒரே தளத்தில் அதிர்வதில்லை. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பட்டையில் மிக அதிகமாகவும், சூரியனுக்கு அருகிலும் அதற்கு நேர் எதிரிலும் மிகக் குறைவாகவும் இருக்கிறது. சூரியன் உங்கள் தோளுக்கு நேராக இருக்குமாறு நின்று எடுக்கும்போது ஃபில்டர் முழு அளவில் வேலை செய்யும். வைட் லென்ஸ் அந்தப் பட்டையையும் அதன் இரு பக்கங்களையும் சேர்த்துக் காட்டுவதால்தான் நடுவில் திட்டு விழுகிறது. முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 28 மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போது ஃபில்டரைப் பாதி அளவுக்கே சுழற்றுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

நம் அட்சரேகையில் இதற்கு ஒரு தனிச் சலுகை உண்டு. கோவையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக வருகிறது. அப்போது அந்த 90 பாகைப் பட்டை தொடுவானத்தை ஒட்டி நாற்புறமும் சுற்றி அமைந்துவிடுவதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானத்து நீலம் ஏறக்குறைய சமமாக ஆழமடையும். உச்சி வெயில் படமெடுக்க உதவாத நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். மேகத்துக்கு அது பொருந்தாது.

உங்கள் ஊருக்கு இது குறிப்பாகப் பயன்படும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் பருவக்காற்று பொள்ளாச்சிச் சமவெளிக்குள் பாய்கிறது. அதனோடு வரும் திரள் மேகங்கள் சிறியவை, கிழிந்தவை, வேகமாக ஓடுபவை. அவற்றுக்கிடையே கழுவிவிட்ட நீலம். அவை தோப்புகளின் மேலும் வயல்களின் மேலும் எறியும் நிழலைப் பாருங்கள். ஏதேனும் ஒரு குன்றின் மேலிருந்து, நிழல் சமவெளியைக் கடக்கும்போது ஒரு தோப்பு மட்டும் வெயிலில் விடுபடும் கணத்துக்காகக் காத்திருந்தால், வானத்தைச் சட்டத்துக்குள் சேர்க்காமலே மேகத்தைப் படமெடுத்துவிடலாம். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுப்பதால் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வானம் கறுக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். வானம் தான் உணர்ந்த அளவுக்கு இருளாது என்று தோன்றியதும், கையில் மிஞ்சியிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டை அடர் சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். அவர் பெயரை நிலைநிறுத்திய படம் இரண்டாவதுதான். டிஜிட்டலில் நிறப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலத்தின் ஒளிர்வைக் குறைத்தாலே அந்த விளைவு கிடைத்துவிடும். ஃபிலிமில் எடுக்காதவர் சிவப்பு ஃபில்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. போலரைசரின் வேலையை மட்டும் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் செய்துவிட முடியாது.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கும்போது எடுக்கும் படங்கள் அழுக்குச் சாம்பலாக வருகின்றன, ஃபோகஸும் பிடிப்பதில்லை.
– வாசகி, கோத்தகிரி

பதில்: பனி வெண்மையானது, கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கிறது. ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபோகஸைக் கையால், அருகிலுள்ள ஒரு மரத்தின் கருமையான விளிம்பில் வையுங்கள். ஒன்றன் பின் ஒன்றாக மங்கிப் போகும் மூன்று நான்கு மரங்கள் இருந்தால்தான் பனியின் ஆழம் தெரியும். எல்லாம் ஒரே தொலைவில் இருந்தால் படம் தட்டையாகிவிடும்.

தை, மாசியில் தெளிந்த இரவுக்குப் பின் வரும் விடியலில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கி, பனி உங்கள் காலுக்குக் கீழே நிற்கும். வெயில் ஏறியதும் அது கலைந்துவிடும் என்பதால் முந்தைய நாளே இடம் பார்த்து வைத்திருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் பனி முன்னால் பள்ளத்திலும் இருந்தால், உங்கள் நிழல் பனியின் மேல் நீண்டு விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றக்கூடும். அதை நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மட்டுமே காண முடியும். பக்கத்தில் நிற்பவர் தம் தலையைச் சுற்றியே வளையத்தைக் காண்பார்.

கேள்வி: சித்திரை, வைகாசியில் கோடை மழை இறங்கும் முன் மின்னலைப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வெட்டவெளியில் பனைமரத்தடியில் முக்காலி வைத்துக் காத்திருக்கிறேன். எந்த அளவுகளில் எடுக்க வேண்டும்?
– இளைஞர், சிவகங்கை

பதில்: முதலில் அந்தப் பனைமரத்தடியை விட்டு விலகுங்கள். வெட்டவெளியில் தனித்து உயர்ந்து நிற்கும் மரம் மின்னல் விழ மிகவும் வாய்ப்புள்ள இடம்; அதன் அடியில் உலோக முக்காலியோடு நிற்பது உயிரோடு விளையாடுவதாகும். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கில் தொலைவு கிடைக்கும். எண்ணிக்கை 30க்குள் வந்துவிட்டால், அதாவது 10 கிலோமீட்டருக்குள் இடி வந்துவிட்டால், திடமான கட்டடத்துக்குள்ளோ கூரை மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. மழை பெய்யாத இடத்திலும் மின்னல் விழும். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, அருகில் மின்னல் இருப்பதை எச்சரிக்கும். அதைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைவில் நிற்கும் இடிமேகம்தான் படத்துக்கும் நல்லது. கார்திரள் மேகம் வளர்ந்து வளர்ந்து, மேலே செல்ல முடியாத உயரத்தை எட்டியதும் கொல்லன் பட்டடைக்கல் போலத் தலை பக்கவாட்டில் விரிகிறது. தெளிந்த மாலையில் 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இடிமேகத்தின் தலைகூடத் தெரியும். உங்களுக்கு மேற்கே மலைப்பக்கம் பிற்பகலில் எழும் மேகங்களை ரேடார் படத்தில் கவனித்து, இருட்டியபின் வீட்டு மாடி அறையின் சன்னலிலிருந்து எடுங்கள். முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 அல்லது 200, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஷட்டர் 15 நொடி, தொலைவிலுள்ள ஒரு விளக்கில் கையால் வைத்த ஃபோகஸ். இவற்றோடு தொடர்ந்து படம் பிடித்துக்கொண்டே இருங்கள். மின்னலின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். ஷட்டர் நேரம் சுற்றுப்புற வெளிச்சத்தை மட்டுமே கூட்டும், குறைக்கும். மின்னல் வெள்ளைக் கோடாக வெளுத்துப் பெருத்து வந்தால் திறப்பைச் சுருக்கி எஃப் 11க்குப் போங்கள். கீற்றே தெரியாமல் மேகம் உள்ளிருந்து ஒளிரும் படங்களைத் தள்ளிவிடாதீர்கள்; மேகத்தின் முழு உருவமும் அவற்றில்தான் கிடைக்கிறது.

கேள்வி: எங்கள் பக்கம் கரிசல் பூமி. மலை இல்லை. மேகம் மட்டும் அருமையாகக் கூடுகிறது. வெறும் வானத்தை எடுத்தால் படமாகுமா?
– விவசாயி, விளாத்திகுளம்

பதில்: ஆகும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் பல ஆண்டுகள் மேகங்களை எடுத்தார், பெரும்பாலும் நிலமே இல்லாமல்; புகைப்படக் கலையில் அவற்றுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனாலும் உங்களிடம் இருப்பதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். மலை நாட்டில் இருப்பவருக்கு வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும். உங்களுக்குத் தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை தெரிகிறது. தொலைவில் ஓர் ஊரின் மேல் மட்டும் மழை இறங்குவதும், அதற்குப் பக்கத்தில் வெயில் அடிப்பதும், மழைத்தாரை தரையைத் தொடாமலே பாதி வழியில் ஆவியாகிப் போவதும் கரிசல் காட்டில்தான் முழுதாகத் தெரியும்.

சட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கை வானத்துக்குக் கொடுங்கள். கீழே ஒரே ஒரு பொருள் போதும்: ஒரு உடைமரம், ஒரு காற்றாலை, கிடை போட்டிருக்கும் ஆடுகள், உழுது போட்ட சால்களின் கோடுகள். மழை பெய்து விட்ட பின் கரிசல் மண் ஈரத்தில் இன்னும் கறுத்து, மேகத்தின் கருமையோடு ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அந்த நேரத்தில் மேற்கிலிருந்து தாழ்ந்த வெயில் பாய்ந்தால் வெளிச்சம் பட்ட பொருள் எதுவானாலும் படத்தைத் தாங்கிவிடும். விதைப்புக்காக வானத்தை ஆயுள் முழுவதும் பார்த்துவந்த உங்களுக்கு மேகம் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவை நம்பி எடுங்கள்.

கேள்வி: ஒரே தொடுதலில் வானத்தை மாற்றித் தரும் செயலிகள் வந்துவிட்டன. பழைய காலத்துப் புகைப்படக் கலைஞர்களும் வேறொரு படத்தின் வானத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று படித்தேன். அப்படியிருக்க, இப்போது செய்தால் மட்டும் தவறா?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் படித்தது உண்மை. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே எடுத்த கடல் காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு ஒரு நெகட்டிவும் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரே வானம் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் வருவதும் உண்டு. அந்தக் காலத்துத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே மிகுதியாக வினைபுரிந்ததால், நிலத்துக்கோ கடலுக்கோ அளவு வைத்தால் வானம் முற்றிலும் வெளுத்து, மேகம் பதியவே பதியாது. கண் கண்டதைக் காட்ட அவருக்கு அதைவிட எளிய வழி இருக்கவில்லை. இன்று நமக்கு அந்தத் தடை இல்லை. செயலி தருவது நாம் காணாத வானம்.

ஒரே இடத்தில், ஒரே சில நிமிடங்களுக்குள் நிலத்துக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக எடுத்த படங்களை இணைப்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வேறொரு நாளின் வானத்தை ஒட்டியவர் அதைப் படத்தின் கீழ் எழுதிவிட்டால், அது ஓவியத்துக்கு நெருங்கிய ஒரு கலை; அதற்கும் இடமுண்டு. எழுதாமல் விடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். செய்திப் படத்தில் எந்த நிலையிலும் கூடாது.

ஒட்டிய வானம் பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். மேகத்தில் வெளிச்சம் இடமிருந்து வரும், மரத்தின் நிழல் வேறு பக்கம் விழும்; வைகை நீரில் பழைய வானமே தெரியும்; சித்திரை வெயிலில் காய்ந்த வயலின் மேல் குளிர்நாட்டின் தாழ்ந்த படை மேகம் மிதக்கும். அழகர்மலைக்கு மேலே எழும் கோடை இடிமேகம் அந்த மலையின் சூட்டாலும் அந்த மாதத்தின் காற்றாலும் உருவானது. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அந்த மலையைப் பற்றிய ஒரு செய்தியையும் சேர்த்து அழித்துவிடுகிறோம். எங்கள் பக்கங்களுக்கு அனுப்பும் படங்களில் வானம் மாற்றப்பட்டிருந்தால் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்கிறது. என்ன செய்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வெளியே போய் வந்ததும் கேமராவை ஈரமான பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் சற்று நேரம் வைத்து, பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடுபடுத்தி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துச் சென்றால் லென்ஸில் நீர் கோத்துவிடும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பின்னர் திறங்கள். கடற்கரையில் எடுத்த நாட்களில் ஃபில்டரிலும் கேமராவின் உடலிலும் படிந்த உப்பை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். பூஞ்சை ஏற்கெனவே உள்ளே படர்ந்திருந்தால் நீங்களே பிரிக்க முயலாமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அதுவரை அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.